சணல் இல்லை, கஞ்சாதான்: கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து வரும் தூரம்தான், அதனால் வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். சில ஆண்டுகளாக ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடக்கிறது. கைப்பேசியில் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தின் படம், அதில் 'ஹெம்ப்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இது என்ன சாமான்? வயித்துல பிள்ளை இருக்கு, ஒண்ணும் செய்யாதே?" சிலர் எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் ஹட்யாய் போய் வந்தவர்கள். சிலருக்கு அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் கொடுத்தது. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஹெம்ப் என்றால் சணல்தானே? கோணிப்பை செய்யும் செடியில் என்ன போதை?

குழப்பத்துக்குக் காரணம் மொழிபெயர்ப்பு. கைப்பேசியில் 'ஹெம்ப்' என்று தட்டினால் 'சணல்' என்று வருகிறது. நாம் சணல் என்பது அரிசி மூட்டைக் கோணியின் நார். அது வேறு செடி. பசுந்தாள் உரமாக விதைத்து மடக்கி உழும் சணப்பையும் வேறு. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். நாருக்கும் விதைக்கும் வளர்த்தால் ஒரு பெயர், போதைக்கு வளர்த்தால் இன்னொரு பெயர். நடுவில் கோடு கிழித்தது தாவரவியல் இல்லை, சட்டம். உலர்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 விழுக்காட்டைத் தாண்டாத செடி ஹெம்ப் என்று 2018-இல் அமெரிக்க வேளாண் சட்டம் சொன்னது. போதை தருவது இந்த டி.எச்.சி.தான்.

விதையில் இது சுரப்பதில்லை. பூவின் பிசின் ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். ஆகவே நான் இங்கே பேசுவது விதையைப் பற்றி அல்ல. மிட்டாய், பிஸ்கட், சாக்லேட், நாக்கடியில் விடும் சொட்டு, வேப் என்ற மின்சிகரெட்டில் ஊற்றும் திரவம், இவற்றைப் பற்றி.

0.3 விழுக்காடுதான் என்றால் போதை எங்கிருந்து வருகிறது?

அந்தச் சட்டத்தில் இரண்டு ஓட்டை. முதலாவது, எடைக் கணக்கு. 4 கிராம் எடையுள்ள மிட்டாயில் 0.3 விழுக்காடு என்றால் 12 மில்லிகிராம். பழக்கமில்லாத பெரியவருக்கே 5 மில்லிகிராமில் தலை சுற்றும். இரண்டாவது, சட்டத்தில் டெல்டா-9 என்று மட்டும் எழுதியிருந்தார்கள். செடியில் தாராளமாகக் கிடைக்கும் சி.பி.டி. போதை தராது. அதைக் கரைப்பானில் கரைத்து அமிலம் சேர்த்தால் டெல்டா-8 என்ற போதைப் பொருளாக மாறிவிடுகிறது. அண்ணன் தம்பி போல டெல்டா-10, எச்.எச்.சி., டி.எச்.சி.-ஓ என்று ஒரு பட்டாளமே பின்னால் வந்தது.

'செடியிலிருந்து பெறப்பட்டது' என்று பொட்டலத்தில் போட்டிருப்பார்கள். கரும்பிலிருந்து பெறப்பட்டதுதான் சாராயமும். வேதிமாற்றத்தில் மிஞ்சிய அமிலம், கரைப்பான், பெயர் தெரியாத துணைப்பொருள்கள் எல்லாம் சரியாகக் களையப்படாமலே மிட்டாயில் சேரலாம். டி.எச்.சி.-ஓவைச் சூடாக்கினால் கீட்டீன் என்ற நச்சு வாயு உண்டாகும் என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்.

ஒன்றைத் தடைசெய்தால் அடுத்தது வருகிறது. ஜப்பானில் 2023 நவம்பரில் ஒரு திருவிழாவில் கொடுத்த மிட்டாயைத் தின்றவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதில் இருந்த, அதே பட்டாளத்தைச் சேர்ந்த எச்.எச்.சி.எச். அடுத்த மாதமே அங்கு தடையானது. எச்.எச்.சி.யை ஐ.நா. 2025 மார்ச்சில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஓட்டை போட்ட அமெரிக்காவே 2025 நவம்பரில் சட்டத்தைத் திருத்தி, ஒரு பொட்டலத்துக்கு மொத்த டி.எச்.சி. 0.4 மில்லிகிராம்தான் என்று கட்டிவிட்டது. அது நடைமுறைக்கு வர ஓர் ஆண்டு தவணை. "அமெரிக்காவிலேயே விக்கிறான்" என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

மலேசியாவில் இதை வைத்திருக்கலாமா?

கூடாது. அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 1952-இல் அந்த 0.3 என்ற கோடே கிடையாது. கஞ்சா கஞ்சாதான். உட்கொண்டதற்கு மட்டும் பிரிவு 15-இன் கீழ் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். 200 கிராமும் அதற்கு மேலும் கஞ்சா இருந்தால் கடத்தியதாகவே சட்டம் அனுமானிக்கும். 2023-இல் நீக்கப்பட்டது கட்டாய மரண தண்டனைதான், மரண தண்டனை அல்ல. ஹெம்ப் அடங்கிய மருந்து ஒன்றைச் சட்டப்படி விற்க வேண்டுமானால் சுகாதார அமைச்சின் பதிவு வேண்டும். பதிவான மருந்துப் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஒளிரும் ஒட்டுவில்லையும் இருக்கும். எனக்குக் காட்டிய எந்த மிட்டாய்ப் பொட்டலத்திலும் அது இருந்ததில்லை.

ஹட்யாயில் கடைக்குக் கடை இலைப் படம் போட்டு விற்கிறார்களே?

பினாங்கிலிருந்து காலையில் காடி எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு ஹட்யாய். அதனால்தான் இந்தக் கேள்வி இங்கே அதிகம். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது உண்மை. ஆனால் எடுத்த கையோடு, 20 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கஞ்சாப்பூ விற்கக்கூடாது என்றும் விதித்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் பூ விற்க முடியாதபடி மறுபடியும் இறுக்கியது. அதாவது தாராளமாகத் திறந்துவிட்ட நாட்களிலேயே இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு அங்கேயும் கதவு மூடித்தான் இருந்தது.

பிள்ளைகளோடு போகிறவர்கள் பானத்திலும் பிஸ்கட்டிலும் பச்சை இலைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வாங்காதீர்கள். மீந்ததைப் பையில் போட்டு எல்லை தாண்டாதீர்கள்.

மசக்கை தாங்க முடியவில்லை. இது வாந்தியை நிறுத்தும் என்கிறார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. தண்ணீர் குடித்தாலும் வெளியே வருகிற நிலையில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கத் தோன்றும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கர்ப்பிணி போலப் பேசி 400 கஞ்சாக் கடைகளுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தார்கள். மசக்கைக்குக் கஞ்சாவையே பரிந்துரைத்த கடைகள் 69 விழுக்காடு. 2018-இல் வெளியான ஆய்வு அது. விற்கிறவரிடம் கேட்டால் விற்கிற பதில்தான் வரும்.

புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கு டி.எச்.சி.யைச் சார்ந்த மாத்திரை உண்டு, உண்மை. அதை வைத்துக்கொண்டு மசக்கைக்கு ஆகும் என்று தாவக்கூடாது. இன்னொரு முரணும் இருக்கிறது: நெடுநாள் எடுத்துக்கொள்கிறவர்களுக்குக் கஞ்சாவே ஓயாத வாந்தியைக் கொண்டுவரும். வெந்நீரில் நின்றால் மட்டும் சற்று அடங்குவது அதன் அடையாளம். மசக்கை என்று நினைத்து இன்னும் இரண்டு மிட்டாய் தின்றால் வாந்தி கூடத்தான் செய்யும்.

கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார நிலையத்தில், கர்ப்பகாலப் பதிவான பிங்க் புத்தகத்தோடு போய்ச் சொல்லுங்கள். பி6 வைட்டமின், டாக்ஸிலமின் போன்ற கர்ப்பகாலத்தில் நெடுநாள் பழகிய மருந்துகள் இருக்கின்றன. இஞ்சி சிலருக்குக் கேட்கும். சிறுநீர் கறுத்து, எடை குறைந்து, ஒரு நாள் முழுக்க எதுவுமே தங்கவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தோடு மல்லுக்கட்டாமல் மருத்துவமனைக்குப் போய் நரம்பில் நீர் ஏற்றிக்கொள்ளுங்கள்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது போய்ச் சேருமா?

சேரும். டி.எச்.சி. கொழுப்பில் கரைவது, நஞ்சுக்கொடியைச் சுலபமாகத் தாண்டும். கருவின் மூளை வளரும்போது நரம்பணுக்கள் எங்கே போக வேண்டும், எதனோடு இணைய வேண்டும் என்பதில் பங்கெடுக்கும் ஒரு ஏற்பி, அதாவது குறிப்பிட்ட பொருள் வந்து உட்காரும் இருக்கை போன்ற ஒன்று, இருக்கிறது. அதற்கென்று உடம்பே சுரக்கும் பொருளை 1992-இல் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள், நம்முடைய ஆனந்தம்தான். உடம்பு துளித்துளியாக, நேரம் பார்த்துச் சுரக்கும் அந்தப் பொருளின் இருக்கையில் டி.எச்.சி. போய் உட்கார்ந்துகொள்கிறது. சீக்கிரம் எழுந்திருப்பதும் இல்லை.

பிறப்பில் தெரியும் விளைவுகள்: எடை குறைவு, மாதம் நிறையாத பிரசவம், தீவிரக் கவனிப்பில் வைக்க வேண்டிய நிலை. கனடாவின் ஒண்டாரியோவில் 6,61,617 பெண்களைப் பார்த்த 2019 ஆய்வில், கஞ்சா எடுக்காதவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் 6.1 விழுக்காடு, எடுத்ததாகச் சொன்னவர்களுக்கு 12 விழுக்காடு. சிகரெட், வறுமை போன்றவற்றுக்கும் இதில் பங்கு இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம், நியாயம். அவற்றைச் சமன் செய்து பார்த்தபோது இடைவெளி சுருங்கியது, ஆனால் மறையவில்லை: 7.2-க்கு எதிரே 10.2.

இவை சாதாரணக் கஞ்சாவைப் பற்றிய எண்கள். டெல்டா-8, எச்.எச்.சி. போன்றவை அதே இருக்கையில் உட்காருபவை, கூடவே ஆய்வக அழுக்கும் சேர்ந்தவை. கர்ப்பத்தில் 'குறைவான ஆபத்து' என்று அவற்றைச் சொல்ல யாரிடமும் ஆதாரம் கிடையாது.

கர்ப்பம் என்று தெரியாமல் இரண்டு தடவை தின்றுவிட்டேன். பிள்ளைக்கு ஊனம் வருமா?

அழாதீர்கள். ஓரிரு முறை தின்றதை வைத்து அப்படி எந்த மருத்துவரும் தீர்ப்பு எழுத மாட்டார். இன்றோடு நிறுத்துங்கள், ஃபோலிக் அமிலத்தை விடாதீர்கள், முதல் பரிசோதனையிலேயே தாதியிடமோ மருத்துவரிடமோ எத்தனை வாரத்தில், என்ன பொருள் என்று சொல்லுங்கள். பிள்ளையின் வளர்ச்சியை ஸ்கேனில் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

நிறுத்த முடியவில்லை என்றால் அது வேறு பேச்சு. தானாக முன்வந்து சிகிச்சை கேட்கும் வழி 1983-ஆம் ஆண்டின் போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்திலேயே, பிரிவு 8-இல் இருக்கிறது. ஏ.ஏ.டி.கே. என்ற தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் விசாரிக்கலாம், தனியாகப் போகப் பயமாக இருந்தால் நம்பிக்கையான மருத்துவரை முதலில் பாருங்கள்.

பால் கொடுக்கிறேன். கறந்து கொட்டிவிட்டு மறுநாள் கொடுத்தால் சரிதானே?

பீருக்குச் சொல்லும் கணக்கு இதற்கு ஒத்துவராது. தாய்ப்பாலில் கொழுப்பு உண்டு, டி.எச்.சி.க்கு அதுதான் பிடித்த இடம். கடைசியாக எடுத்து 6 நாள் கழித்தும் பாலில் இருந்ததை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கமும் மகப்பேறு மருத்துவர் சங்கமும் கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் வேண்டாம் என்றே சொல்கின்றன. பயந்துபோய்ப் பாலை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது மிட்டாயை. இடைப்பட்ட நாட்களுக்கு என்ன செய்வது என்பதை உங்கள் பிள்ளையின் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை. போதை இல்லாத சி.பி.டி. ஒரு சொட்டு விட்டால் என்ன?

அந்தக் காலத்தில் அழுகிற பிள்ளைக்கு அபின் தொட்டு வைத்த பாட்டிமார்களின் கதை போல இருக்கிறது இது. பாட்டில் மட்டும் புதுசு. சி.பி.டி. குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுவது சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு. அமெரிக்கா 2018-இல் அனுமதித்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்து அது. அதைக் கொடுக்கும்போதுகூட ஈரலைச் சோதிக்க இரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். கடைச் சொட்டில் எவ்வளவு சி.பி.டி., எவ்வளவு டி.எச்.சி. என்பதற்கு அச்சிட்ட தாள்தான் சாட்சி, அந்தத் தாளோ பல முறை பொய் சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சி.பி.டி.யையும் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-லேயே எச்சரித்தது.

ஊரிலிருந்து வந்த லேகியத்தில் கஞ்சா இருக்குமா?

பிரசவ லேகியம் பெரும்பாலும் சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி, நெய். ஆனால் சித்த மருத்துவத்தில் கஞ்சா சேரும் லேகியங்களும் உண்டு. இந்தியாவின் 1985 சட்டம் கஞ்சாவின் பூவையும் காயையும் பிசினையும்தான் தடுக்கிறது, தனி இலையை அல்ல. வடக்கே பாங்கு விற்பது அப்படித்தான். மலேசியச் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. 'தூக்கத்துக்கு', 'வயிற்றுப்போக்குக்கு', 'வீரியத்துக்கு' என்று கொடுத்த பெயரில்லாத டப்பாவைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்காதீர்கள். மாமியார் மனம் கோணாமல் மறுப்பது எப்படி என்று கேட்டார் ஒருவர். "தாதி திட்டுவாங்க அத்தை" என்று பழியை எங்கள் பக்கம் தள்ளிவிடுங்கள், தாங்கிக்கொள்வோம்.

பிள்ளை தின்றுவிட்டது என்று எப்படித் தெரியும்?

சில நேரம் தெரியாது, அதுதான் சிக்கல். தின்று அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஒன்றும் நடக்காது. பிறகு நடை தள்ளாடும், உடம்பு துவளும், கூப்பிட்டால் கண் திறந்து மறுபடி மூடிக்கொள்ளும். வாந்தி, வேகமான நாடி, விரிந்த கண்மணி, சில பிள்ளைகளுக்குக் காரணமில்லாத அழுகையும் நடுக்கமும். கடுமையானால் மூச்சு மெதுவாகும், வலிப்பு வரும், நினைவு தப்பும். நம் வீடுகளில் இதைத் திருஷ்டி என்றோ, வெயிலில் விளையாடிய களைப்பு என்றோ நினைத்துத் தூங்க வைத்துவிடுகிறார்கள். விபூதி போட வேண்டுமானால் போடுங்கள், போட்டுக்கொண்டே காடியில் ஏறுங்கள்.

எவ்வளவு தின்றால் ஆபத்து? 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 2023-இல் வந்த ஓர் ஆய்வு, உடல் எடையில் கிலோவுக்கு 1.7 மில்லிகிராம் டி.எச்.சி.யைத் தாண்டினால் கடுமையான, நீண்ட பாதிப்பு எதிர்பார்க்கலாம் என்றது. 10 கிலோ பிள்ளைக்கு 17 மில்லிகிராம். ஒரு மிட்டாய்க்கு 25 என்று அச்சிட்ட பொட்டலத்தை நானே பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு மிட்டாய். பிள்ளை ஒன்றோடு நிறுத்துமா, சொல்லுங்கள்.

அமெரிக்க விஷ மையங்களுக்கு 2017-இல் 6 வயதுக்குட்பட்டவர்கள் கஞ்சாத் தின்பண்டம் தின்றதாக வந்த தகவல் 207, 2021-இல் 3,054. மிகப் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளேயே நடந்தவை. டெல்டா-8 மட்டும் எடுத்தால், 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை வந்த 2,362 தகவல்களில் 41 விழுக்காடு 18 வயதுக்குட்பட்டவர்கள். ஒரு பிள்ளை இறந்தது.

உடனே என்ன செய்ய வேண்டும்? புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

வேண்டாம். புளி, உப்புநீர், மோர், எலுமிச்சை, தொண்டைக்குள் விரல், எதுவும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு வாந்தி நுரையீரலுக்குள் போகும். வாயில் மிச்சம் இருந்தால் துடைத்து எடுங்கள். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மூச்சு சரியில்லை, எழுப்ப முடியவில்லை, வலிப்பு என்றால் 999. பிள்ளை தெளிவாக இருந்தாலும் 'பார்க்கலாம்' என்று வீட்டில் உட்காராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு. எத்தனை மணிக்கு, எத்தனை காணோம் என்று எண்ணி வையுங்கள். இதை முறிக்கும் மருந்து எதுவும் இல்லை. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடித்தபடி காத்திருப்பதுதான் சிகிச்சை. ஒரு நாள், சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேல் ஆகும்.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமே?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். ஒரு தகப்பன் என்னிடம் வந்து, "தூங்கிட்டே இருக்கான், ஏதாச்சும் சத்து மருந்து இருக்கா?" என்று கேட்டார். பிள்ளை தோளில் துணி மாதிரி கிடந்தான். மூன்று முறை கேட்ட பிறகுதான் சட்டைப் பையிலிருந்து அந்தப் பொட்டலம் வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டான். வீணான அந்த இரண்டு மணி நேரம்தான் இன்னும் என்னை உறுத்துகிறது.

எதுவும் நடக்காது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பிள்ளை புறக்கணிக்கப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் மருத்துவர் சமூகநல அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சிறார் சட்டம் 2001. ஆனால் மறைப்பதால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். காரணம் சொல்லாத துவண்ட பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர் முதலில் நினைப்பது மூளைக்காய்ச்சல், தலையில் அடி, விஷம். தலைக்கு ஸ்கேன் எடுப்பார், முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பார், சிறுநீரையும் சோதனைக்கு அனுப்புவார். அந்தச் சிறுநீரிலேயே பெரும்பாலும் டி.எச்.சி. காட்டிக்கொடுத்துவிடும். அப்போது உங்கள் மேல் இருக்கும் சந்தேகம், தின்றது மட்டுமல்ல, மறைத்தது எதற்கு என்பதும்தான். முதல் நிமிடத்தில் சொன்னவர் பிள்ளையை முதுகு ஊசியிலிருந்து காப்பாற்றுகிறார், தன்னையும் கொஞ்சம்.

வீட்டுக்காரர் பால்கனியில் வேப் இழுக்கிறார். அதுவுமா?

புகையும் ஆவியும் வீட்டுக்குள் வரும். அதைவிட எனக்குப் பயம், மேசையில் விட்டுப்போகும் அந்தச் சின்னக் குப்பிதான்.

பள்ளிக்கூடப் பையன்கள் இழுப்பதும் இதே பொருளா?

சில சமயம். வேப்பில் ஹெம்ப் சாறு என்று சொல்லி விற்கப்படுவது, கஞ்சாவோடு சம்பந்தமே இல்லாத, ஆய்வகத்தில் செய்த செயற்கைப் போதையாகவும் இருக்கலாம். அது இன்னும் கொடியது, வழக்கமான சிறுநீர்ச் சோதனையில் சிக்காமலும் போகும். 18 வயதுக்குக் கீழ் எந்த வேப்பும் விற்கக்கூடாது என்ற சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது.

பொட்டலத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதே.

கரடி, புழு, தர்பூசணித் துண்டு, பெயர் பெற்ற மிட்டாய்களின் சாயல், இப்படித்தான் வரும். பாட்டிக்கு இரண்டு விஷயம் போதும்: ஐந்து விரல் விரித்தது போன்ற இலைப் படம், அல்லது 'mg' என்ற மில்லிகிராம் கணக்கு முன்பக்கத்திலேயே பெரிதாக. சாதாரண மிட்டாய் எதுவும் மில்லிகிராமை நெற்றியில் எழுதிக்கொண்டு வராது. படிக்கத் தெரிந்தவர்கள் டெல்டா, டி.எச்.சி., எச்.எச்.சி., 'கன்னாபினாய்டு' என்ற சொற்களைத் தேடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் தேசிய விஷ மையத்தைக் கேளுங்கள். நம் பினாங்கிலேயே, கெலுகோர் யு.எஸ்.எம். வளாகத்தில்தான் இருக்கிறது, எண் 1800-88-8099. என் கடையில் அதைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். குளிர்பெட்டிக் கதவில், தைப்பூசப் படம் போட்ட நாட்காட்டிக்குக் கீழே ஒட்டியிருப்பதாக ஓர் அம்மா படம் அனுப்பியிருந்தார்.